ஒரு கட்டை கீழே

அரங்கத்துக்கு அக்கா வந்து சேர்ந்தபோது மணி நாலு. ஆறு மணிக்கு நிகழ்ச்சி. அதற்குள் பியானோவின் முன்னால் உட்கார்ந்து, அதன் எந்தக் கட்டை அழுத்தினால் எழுந்து வர மறுக்கிறது, எந்த மிதி கிறீச்சிடுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஊரார் வீட்டுக் குழந்தையைச் சமாதானப்படுத்துகிற வேலைதான் அது. முப்பது வருஷமாகச் செய்கிறாள், ஒவ்வொரு தடவையும் புதுக் குழந்தை.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. காலையில் நடனப் பள்ளியில் குதிக்கிற பிள்ளைகளுக்கு வாசிப்பாள். மதியம் பள்ளிக்கூடத்தில் கத்துகிற பிள்ளைகளுக்கு வாசிப்பாள். சாயங்காலம் யார் கூப்பிட்டாலும் அவர்களுக்கு வாசிப்பாள். பாடுகிறவர் முன்னால் நிற்பார், இவள் பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பாள். கைதட்டல் ஓயும்போதுதான் யாருக்காவது ஞாபகம் வந்து இவள் பக்கம் கையை நீட்டுவார்கள். இதற்கெல்லாம் அவள் வருத்தப்பட்டதில்லை. வருத்தப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

அன்றைய நிகழ்ச்சி புதுப் பாட்டுகளுக்கானது. கவிதைகளை எடுத்துக்கொண்டு, ஒரு குரலுக்கும் ஒரு பியானோவுக்கும் என்று ஐந்து பேர் எழுதிய ஒன்பது பாட்டுகள். எல்லாமே இதற்குமுன் மேடை ஏறாதவை. பாடப்போகிறவள் அவள் தங்கை. தங்கைக்கு ஐம்பத்திரண்டு வயது, காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று சண்டை போடுகிறவர்கள்கூட அவள் குரலைக் கேட்டால் பாதியில் அடங்கிவிடுவார்கள் என்று அலுவலகத்தில் பேச்சு.

அக்காவின் பையில் ஒன்பது பாட்டுக்கும் அச்சான இசைத்தாள்கள் இருந்தன. கூடவே ஒரு தடித்த நோட்டும் இருந்தது. அந்த நோட்டில் அதே ஒன்பது பாட்டுகள், அவள் கையெழுத்தில், அறுபத்து நாலு பக்கம். ஒரே ஒரு வித்தியாசம். நோட்டில் இருந்தவை எல்லாம் சுருதியில் ஒரு கட்டை இறக்கி எழுதப்பட்டவை.

இது இரண்டு வருஷத்துக் கதை. அப்போது ஒரு கச்சேரியில் உச்ச சுரத்தைத் தொடப்போன தங்கையின் குரல் நிறைந்த அரங்கத்தில் உடைந்தது. பத்து நாளாகச் சளியும் இருமலும், அதோடுதான் பாடினாள். முன் வரிசையில் ஒரு அம்மாள் ‘அடடா’ என்றாள். அந்த ‘அடடா’ அக்காவின் காதில் போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்த கச்சேரிக்கு அவள் ஒன்றும் சொல்லாமல் எல்லாப் பாட்டையும் ஒரு கட்டை இறக்கி வாசித்தாள். தங்கை கவனிக்கவில்லை. சுருதியைக் கொடுத்தால் தங்கை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள், ஆனால் கொடுத்தது எந்தச் சுருதி என்று சொல்லத் தெரியாது. பாடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். அவளுடைய அடுக்குமாடி வீட்டில் பியானோவும் கிடையாது. பயிற்சி எல்லாம் அக்கா வீட்டில், அக்கா கையில்.

ஒரு தடவைக்கு என்று ஆரம்பித்தது, ஒட்டிக்கொண்டது. “ஏன்க்கா கையால எழுதிக்கறே?” என்று தங்கை கேட்டதற்கு, “அச்சு ரொம்பப் பொடி, கண்ணு தெரியல” என்று சொல்லிவைத்தாள். அதிலிருந்து தங்கை அவளைக் கண் டாக்டரிடம் போகச் சொல்லி நச்சரிக்கிறாள். போன பிறந்தநாளுக்குப் பியானோமேல் வைத்துக்கொள்ள நல்ல விளக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தாள். அதன் வெளிச்சத்தில்தான் அக்கா இந்த அறுபத்து நாலு பக்கத்தையும் எழுதி முடித்தாள். நடனப் பள்ளிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில், சாப்பிட்ட கையோடு, முதுகு வலியோடு.

புதுப் பாட்டு என்றால் எழுதியவரே எதிரில் உட்கார்ந்திருப்பாரே என்ற கவலை அவளுக்கு இருந்தது. ஆனால் ஒத்திகைக்கு வந்த நாலு பேரில் இரண்டு பேருக்கு ஒன்றும் தெரியவில்லை. மற்ற இரண்டு பேரைத் தனியாகக் கூப்பிட்டு, பாடகியின் தொண்டைக்கு இதமாக இருக்கும் என்றாள். தங்கள் பாட்டை யாராவது பாடினால் போதும் என்று காத்திருந்தவர்கள், தலையை ஆட்டிவிட்டார்கள்.

ஐந்தாவது ஆள் பல் டாக்டர். அவர் ஒத்திகைக்கு வரவே இல்லை, கிளினிக்கில் கூட்டம். கடைசிப் பாட்டு அவருடையது. பல் பிடுங்குகிறவருக்குச் சுருதி எங்கே தெரியப்போகிறது என்று அக்கா அலட்சியமாக இருந்துவிட்டாள்.

நாலேகாலுக்கு அவர் வந்தார். மெலிந்த மனிதர், கையைக் கழுவிக் கழுவி வெளுத்த விரல்கள். தங்கை இன்னும் அலுவலகத்திலிருந்து வந்திருக்கவில்லை.

“மேடம், ஒரே ஒரு தடவை பியானோவை மட்டும் கேட்டுக்கலாமா? வேகம் சரியா இருக்கான்னு பாக்கணும்.”

அவர் ஒருத்தர்தான் கேட்கப்போகிறார். அச்சுத் தாளை வைத்து வாசித்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் காலையிலிருந்து மூன்றாவது பியானோ அது. பழகின கை நோட்டைத்தான் எடுத்தது.

அந்தப் பாட்டில் இரண்டு பேர் ஒரு வீட்டைவிட்டுப் பிரிகிறார்கள். ஒருவர் தெருவுக்கு இறங்குகிறார், ஒருவர் மொட்டைமாடிக்கு ஏறுகிறார். குரல் படிப்படியாக மேலே போகும், பியானோ படிப்படியாகக் கீழே போகும். கடைசியில் குரல் உச்சியில் நிற்கும்போது, பியானோ இடது கோடியில் இருக்கிற கடைசிக் கட்டையைத் தொடவேண்டும். அதற்கப்பால் கட்டை கிடையாது, வெறும் மரம்தான்.

ஒரு கட்டை இறக்கினால் அந்தக் கடைசிச் சுரத்துக்குப் போக இடமில்லை. அக்கா அதை மட்டும் ஒரு ஸ்தாயி மேலே தூக்கி எழுதியிருந்தாள். படி இறங்கி வந்தவர் கடைசிப் படியில் திடீரென்று ஒரு மாடி மேலே போய் நின்றதுபோல் இருந்தது. வேறு வழி தெரியவில்லை, எழுதிவிட்டாள்.

வாசித்து முடித்தாள். பல் டாக்டர் பியானோவின் பக்கத்தில் வந்து, இடது கோடிக் கட்டையை ஒற்றை விரலால் மெதுவாக அழுத்தினார். அடிவயிற்றில் கேட்கிற மாதிரி ஒரு முழக்கம்.

“இதைக் காணோமே. அடியில இருந்த ஒரு பல்லை எடுத்துட்டீங்க.”

“கொஞ்சம் இறக்கியிருக்கேன் சார். பாடறவங்களுக்காக.”

“அவங்க கேட்டாங்களா?”

அக்கா நோட்டை மூடினாள். பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று ஒரு வார்த்தை. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அதைக் காப்பாற்ற இன்னும் எத்தனை வார்த்தை சொல்லவேண்டியிருக்கும் என்று நினைத்தபோதே அவளுக்கு ஆயாசமாக இருந்தது.

“அவளுக்குத் தெரியாது.”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளும் நாலு வார்த்தை திருப்பிக் கேட்டு மனதை ஆற்றிக்கொண்டிருப்பாள். “நான் பதினோரு மாசம் எழுதினேன் மேடம்,” என்றார். “ஒரு நாளைக்கு அரை மணி நேரம் கிடைக்கும், அவ்வளவுதான். அந்தக் கடைசிக் கட்டைக்காகத்தான் அந்தப் பாட்டே. அது இல்லாம வேண்டாம். பாட்டையே எடுத்துடுங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன்.” சொல்லிவிட்டு மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பாட்டை எடுத்துவிடு என்று சொல்வது சுலபம். நிகழ்ச்சி நிரல் அச்சாகி வாசலில் அடுக்கி இருந்தது. தங்கை ஒன்பதிலும் அதிகமாக ஆசைப்பட்டது அந்தக் கடைசிப் பாட்டுக்குத்தான். எடுத்தால் ஏன் என்பாள். சொன்னால் எட்டுப் பாட்டும் வெளியே வரும், இரண்டு வருஷமும் வெளியே வரும். சொல்லாமல் உள்ளபடி வாசித்தாலோ, குரல் இன்னொரு தடவை ஊர் பார்க்க உடையும். எந்தப் பக்கம் போனாலும் அடிபடுவது தங்கைதான். அக்கா கண்ணை மூடி அந்த மூடிய நோட்டின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். யாராவது வந்து, நீங்கள் வீட்டுக்குப் போங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியது. யாரும் வரவில்லை.

தங்கை ஐந்து மணிக்கு வந்தாள், மூச்சு வாங்க, கையில் இஸ்திரி போட்ட புடவையோடு. ஒப்பனை அறையில் கண்ணாடி முன்னால் நின்று கொண்டை போட்டபடியே பேசினாள்.

“என்னக்கா முகம் செத்துக் கெடக்கு? சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன். உங்கிட்ட ஒண்ணு பேசணும்.”

“கண் டாக்டர்னா நாளைக்கே போலாம், நான் லீவு போடறேன்.” ஹேர்பின்னைப் பல்லில் கடித்துக்கொண்டு சிரித்தாள். “நான் ஒண்ணு சொல்றேன், நீ திட்டாதே. இந்த ரெண்டு வருஷமாத்தான் எனக்குப் பாட்டு வந்திருக்கு. முன்னாடியெல்லாம் மேல போறதுக்கு முன்னாலயே பயம் வந்துரும். இப்ப அது இல்ல. இந்த வயசுல எல்லாருக்கும் தொண்டை போகும்பாங்க, எனக்கு என்னடான்னா இப்பத்தான் திறக்குது. நேத்து ஆபீஸ் படியில ஏறும்போதுகூட இதையே நினைச்சுச் சிரிச்சேன், பின்னால வந்தவர் என்னன்னு கேட்டார்.”

அக்கா வாயைத் திறந்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? “புடவைக்கு அந்தப் பக்கம் மடிப்பு சரியில்ல” என்று சொல்லி, குனிந்து, இல்லாத மடிப்பைச் சரிசெய்தாள்.

“என்னமோ பேசணும்னியே?”

“அப்புறம் பேசிக்கலாம்.”

ஆறு மணிக்கு, நிகழ்ச்சியை நடத்துகிற சங்கத்துச் செயலாளர் மைக்கைத் தட்டித் தட்டி, ஒன்று இரண்டு மூன்று சொல்லி, பேச ஆரம்பித்தார். ஐந்து நிமிஷம் என்று சொன்னவர் இருபது நிமிஷம் பேசினார். புதுப் பாட்டுகளைக் கொண்டாட வேண்டும் என்பதை மட்டும் ஏழு விதமாகச் சொன்னார். அரங்கம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. எழுதியவர்களின் வீட்டு ஆட்களே பாதி.

எட்டுப் பாட்டுகள் நோட்டிலிருந்து போயின. தங்கை நன்றாகத்தான் பாடினாள். குரல் எங்கேயும் இடறவில்லை. எல்லாம் வழவழவென்று, சமதரையில் நடக்கிற மாதிரி. கைதட்டல் மரியாதையாக வந்தது, மரியாதையாக நின்றது. ஐந்தாவது பாட்டின்போது இரண்டாவது வரிசைக்காரர் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்ததை அக்கா கவனித்தாள். எட்டாவதின்போது அவர் கண்ணையே மூடிக்கொண்டார்.

ஒன்பதாவதுக்கு முன்னால் தங்கை தண்ணீர் குடித்தாள். அக்கா எதிரில் இருந்த பலகையில் நோட்டும் இருந்தது, அடியில் அச்சுத் தாளும் இருந்தது. பல் டாக்டர் மூன்றாவது வரிசையில் கைகளைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு, தன் கிளினிக்கிலேயே முறைக்குக் காத்திருக்கும் நோயாளியைப்போல உட்கார்ந்திருந்தார்.

அக்கா ஒன்றும் பெரிதாகத் துணியவில்லை. நியாயம், அநியாயம் என்றெல்லாம் யோசித்து முடிவெடுத்தாள் என்று சொன்னால் அது பொய். அவளுக்கு அலுத்துவிட்டது, அவ்வளவுதான். மறைத்து மறைத்துக் கை ஓய்ந்துவிட்டது. நோட்டை எடுத்துக் காலடியில் வைத்தாள். அச்சுத் தாளை விரித்தாள். பொடி எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

முதல் சுரம் விழுந்ததுமே தங்கையின் தோள் லேசாக அசைந்தது. காது கண்டுபிடிக்காததை உடம்பு கண்டுபிடித்துவிட்டது. ஒரு நொடி பியானோ பக்கம் திரும்பினாள். பிறகு முன்னால் பார்த்துப் பாட ஆரம்பித்தாள்.

“நீ தெருவுக்கு இறங்கு, நான் மாடிக்கு ஏறுகிறேன்,
நடுவில் நிற்கிற வீடு
யாரைப் பார்ப்பதென்று விழிக்கட்டும்.”

குரல் ஏறியது. ஒவ்வொரு படியிலும் அது கனப்பது அக்காவுக்குக் கேட்டது. வழவழப்பு போய்விட்டது, மூச்சு தெரிந்தது, கழுத்து நரம்பு தெரிந்தது. அக்காவின் இடது கை இறங்கிக்கொண்டே போனது. கடைசி வரி ‘எட்டிப் பார்த்தால் புள்ளியாய் நீ’. உச்ச சுரத்தில் அந்த ‘நீ’ வருகிறது. பாடுகிறவர் எவரும் உச்சத்தில் ‘ஈ’ கேட்க மாட்டார்கள், தொண்டை இறுகும். பல் டாக்டருக்கு அது தெரியவில்லை, எழுதிவிட்டார். இப்போது உடையப்போகிறது, இப்போது ‘அடடா’ வரப்போகிறது என்று அக்கா பல்லைக் கடித்தாள்.

உடையவில்லை. மெருகாக வரவில்லை, ஓரமெல்லாம் கரகரத்தது, ஆனால் வந்தது. வந்து நின்றது. அக்காவின் சுண்டுவிரல் கோடியில் இருந்த கட்டையைத் தொட்டது. மேலே அந்தக் குரலும் கீழே அந்த முழக்கமும் நடுவில் ஒன்றுமே இல்லாமல் நின்றன. இரண்டாவது வரிசைக்காரர் கண்ணைத் திறந்திருந்தார்.

அதன்பிறகு வந்த கைதட்டலில் மரியாதை இல்லை, சத்தம்தான் இருந்தது. பல் டாக்டர் எழுந்து நின்று, கைதட்ட மறந்து, அப்படியே நின்றார். அக்கா கட்டைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குரல் உச்சத்தை எட்டியிருக்கிறது. இரண்டு வருஷமும் எட்டியிருக்கும். ஒரு சளிக்காகத் தங்கையை ஒரு மாடி கீழேயே நிறுத்திவைத்தது தான்தான் என்று புரிந்தபோது, அவளுக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. உடம்பெல்லாம் கூசியது.

திரைக்குப் பின்னால் போனதும் தங்கை கேட்டாள்.

“கடைசிப் பாட்டுல என்ன பண்ணினே?”

“ஒண்ணும் பண்ணல. எழுதினபடி வாசிச்சேன்.”

தங்கை அவளையே பார்த்தாள். காப்பீட்டு அலுவலகத்தில் முப்பது வருஷம், ஒரு பதிலில் என்ன விட்டுப்போயிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

“அப்ப மத்த எட்டு?”

“ஒரு கட்டை இறக்கி.”

“எத்தனை நாளா?”

“அன்னிக்கு உடைஞ்சுதே, அதுலேருந்து.”

தங்கை சுவரோரம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். வெளியே கைதட்டல் இன்னும் ஓயவில்லை. “நான் தேறிட்டேன்னு நினைச்சேன்க்கா,” என்றாள். “அதைச் சொல்லி உன்கிட்டயே பீத்திக்கிட்டேன். நீயும் கேட்டுக்கிட்டு மடிப்பு சரியில்லன்னே.”

“உன்னை இன்னொரு தடவை யாரும் அப்படிப் பாக்கக் கூடாதுன்னுதான்…”

“யார் பாத்தாங்க? அன்னிக்கு உடைஞ்சது என் தொண்டை. எனக்குச் சளி. நான் ரெண்டு நாள் அழுதேன், மூணாம் நாள் ஆபீஸ் போனேன், மறந்துட்டேன். வெக்கப்பட்டது நீ. உன் வெக்கத்தை மறைக்க என்னை இறக்கிட்டே.”

அக்காவின் கை தானாக நாற்காலியின் முதுகைத் தேடிப் பிடித்துக்கொண்டது. அந்த இரண்டு வருஷத்து எழுத்துவேலையும் சேர்ந்து அப்போதுதான் முதுகில் ஏறி உட்கார்ந்தமாதிரி இருந்தது. பாசத்தில் செய்தேன் என்று இத்தனை நாளும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். அது முழுப் பொய்யும் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

செயலாளர் திரையை விலக்கித் தலையை நீட்டினார். முகமெல்லாம் வியர்வை. “இன்னொண்ணு கேக்கறாங்க. ஏதாவது ஒரு பாட்டு மறுபடி பாடுங்களேன்.”

“பாடறேன்,” என்று தங்கை எழுந்தாள். “முதல் பாட்டு.” அக்கா பக்கம் திரும்பினாள். “அச்சுல இருக்கறபடி.”

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் பாட்டு ஒன்பதிலேயே வேகமானது, இரண்டு கையும் நிற்காமல் ஓட வேண்டும். அவள் விரலுக்கு அது ஒரு கட்டை கீழேதான் தெரியும். உள்ளபடி ஒரு தடவைகூட வாசித்ததில்லை. “அது எனக்குப் பழக்கமில்லடி. மேடையில போயி, இத்தனை பேர் முன்னால… தப்பு வரும்.”

“வரட்டும்.”

“சிரிப்பாங்க.”

தங்கை புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். “உனக்குக் கஷ்டமா இருந்தா சொல்லுக்கா,” என்றாள், கவுண்டர்க் குரலில், மிகவும் பணிவாக. “உனக்காக வேணா ஒரு கட்டை இறக்கிக்கலாம்.”

அக்கா தங்கைக்கு முன்னால் மேடைக்கு நடந்தாள். வாசித்தாள். முதல் பக்கத்திலேயே மூன்று இடத்தில் இடறியது. இரண்டாம் பக்கத்தில் இடது கை எங்கேயோ போய் நின்றது, ஒரு முழு வரி வலது கையோடு மட்டும் ஓடியது. முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். காது சுட்டது. தங்கை காத்திருக்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. கரடுமுரடாக, மேலே மேலே போய்க்கொண்டே இருந்தாள், அக்கா பொடி எழுத்தில் கண்ணை நட்டு, மூச்சு வாங்க, பின்னால் ஓடினாள்.

முடிந்தபோது கைதட்டினார்கள். தங்கை குனிந்து வணங்கிவிட்டு, வழக்கம்போல இவள் பக்கம் கையை நீட்டினாள். அக்கா எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்தாள். தங்கையின் பிடி வலித்தது.

“நாளைக்கு ஆறு மணிக்கு வர்றேன்,” என்றாள் தங்கை, சபையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. “எட்டையும் மொதல்லேருந்து பாக்கணும்.”

“வா,” என்றாள் அக்கா.